கூப்பிட்டால் ஓடும் கருணை

"இந்தக் கருணையோட இனி என்னால மல்லுக்கட்ட முடியாதும்மா."

ஆசிரமத்துச் சமையல்காரர் குழந்தைவேலு வந்து நின்றதும் இப்படித்தான் ஆரம்பித்தார். கருணை அவருடைய நாய். ஆசிரமத்து நாய் என்றால் சும்மாவா? ஒரு வாரம் யோசித்து அவரே வைத்த பெயர்.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் குழந்தைவேலுவைவிடச் சின்னவர்தான். ஆனால் குழந்தைவேலுவுக்கு அவர்தான் குரு, அவர்தான் அம்மா.

"என்ன பண்ணுது?"

"கூப்பிட்டா வரணுமில்ல? ஓடுது. இன்னிக்கு ரோட்டுக்கே ஓடி, லாரியில மாட்டப் பார்த்துச்சு. தொண்டை கிழியக் கத்தினேன், காதுல வாங்கினாத்தானே. பால் வண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டேன். எங்கயாவது கொண்டுபோய் விட்டுடட்டும்."

மழையில் நடுங்கிக் கிடந்த குட்டியை வேட்டியில் சுற்றி எடுத்து வந்தவரே குழந்தைவேலுதான்.

"கூப்பிடுங்க, பார்க்கலாம்."

"கருணை! ஏய், கருணை!"

கிணற்றடியில் படுத்திருந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

"பார்த்தீங்களா? உடம்பெல்லாம் திமிரு."

"சோறு வைக்கும்போது என்ன சொல்லுவீங்க?"

குழந்தைவேலு தலையைச் சொறிந்தார்.

"அது வந்தும்மா... 'சனியனே, வந்து கொட்டிக்கோ'ன்னு."

அம்மா மாமரத்தைப் பார்த்து, "சனியனே" என்றார்.

நாய் பாய்ந்து வந்தது. அம்மாவைத் தாண்டிப் போய்க் குழந்தைவேலுவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து வாலை ஆட்டியது.

"சரி. கம்பை எடுக்கும்போது?"

"தப்பு பண்ணினா பேரைச் சொல்லித்தானேம்மா அதட்டணும்..."

சொல்லும்போதே குழந்தைவேலு காலடியில் நின்ற நாயைக் குனிந்து பார்த்தார்.

வாசலில் பால் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் கயிற்றோடு இறங்கினார்.

"இதுதானா? ஏத்திடலாமாங்க?"

"வேணாம், நீங்க போங்க" என்றார் குழந்தைவேலு.

வண்டி போன பிறகு அவர் மண்ணிலேயே உட்கார்ந்தார். அவரால் முடிந்த அளவுக்கு மெதுவாகக் கூப்பிட்டார்.

"கருணை."

நாய் காதை மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடிக்காகக் காத்திருந்தது.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றார் அம்மா.