இடம் கேட்டு வந்த சொல்

ஓர் ஊரில், விளக்கு வைத்த நேரத்தில், ஒரு வீட்டுக்குள் விநோதமான சத்தம் கேட்டது. கனமான எதையோ தரையோடு தரையாக இழுப்பதுபோல. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த எமல்டாவின் கை நின்றது.

"யாரது?"

"நான்தாம்மா, அட்ஜஸ்ட்," என்று அறைக்குள் எட்டிப்பார்த்தது ஓர் ஆங்கிலச் சொல். அது நடந்தாலே எதையாவது நகர்த்துகிற சத்தம்தான்.

அவள் படித்த கான்வென்டில் நுண்ணோக்கியின் திருகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொல் அது. அது சொன்னபடி திருகினால் வெங்காயத்தோல் கட்டம் கட்டமாகத் தெளியும். டெய்லர் கடையில் ஜாக்கெட்டை ஒரு விரல்கடை பிரித்துக்கொடுக்கும். பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆளை உட்காரவைக்கும். நல்ல சொல்தான். 'விட்டுக்கொடு' என்று தமிழில் வந்திருந்தால், எதை என்று கேட்டிருப்பாள். இங்கிலீஷில் வந்தவருக்கு எழுந்து நின்றே பழகியவள். கல்யாணத்தன்று அது வந்தபோது "வாங்க" என்றுவிட்டாள்.

அதன்பிறகு அவள் மேஜை ஹாலுக்குப் போனது. ஃபேன் மாமியார் அறைக்குப் போனது. கட்டிலில் பாதி, யார் யாருடைய பெட்டிகளுக்கோ போனது.

"இன்னும் எவ்வளவு நகர்றது? சுவரே வந்தாச்சு," என்று முனகியது கட்டில்.

"உன்னை வித்தா போட்டேன்? நகர்த்தினேன், அவ்வளவுதானே," என்று சிரித்தது அட்ஜஸ்ட். பிறகு எமல்டாவிடம் குழைந்தது. "இன்னிக்கு இடமெல்லாம் வேண்டாம்மா. விருந்தாளிங்க வந்திருக்காங்க. பாத்ரூமுக்கு இந்த ரூம் வழியாத்தானே போகணும்? ராத்திரி கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும்."

"கொல்லைப்பக்கம் ஒண்ணு இருக்கே."

"பாவம், இருட்டுல அவ்வளவு தூரமா?"

"பிள்ளைக்குப் பால் கொடுப்பேனே."

"சுவர்ப்பக்கமா திரும்பி உட்காரு."

"நாலு நாளைக்குத்தானே எமி," என்றது ஹாலிலிருந்து அவள் கணவன் டைட்டஸின் குரல்.

பிள்ளை சிணுங்கியது. எமல்டா வாரி எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினாள். மூக்கு இடித்தது.

"நானும் நகர்ந்து பார்த்துட்டேன் தாயி. இனிமே தெருதான்," என்றது சுவர்.

அவள் அட்ஜஸ்ட் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்களேன்."

"நானா?"

எத்தனையோ வீடு ஏறி இறங்கிய சொல். ஒருவரும் அதனிடம் இப்படிக் கேட்டதில்லை. முழங்காலை மடக்கிப் பார்த்தது, மடங்கவில்லை. ஒதுங்கிப் பார்த்தது, ஒதுங்கத் தெரியவில்லை.

"எனக்கு அது பழக்கமில்லையேம்மா," என்றது ஈனக்குரலில்.

"வெளியில போய்ப் பழகுங்க."

இழுபடுகிற சத்தத்தோடு அது வாசலைத் தாண்டியது.

"எமி, யார்கிட்ட பேசுற?" என்றான் டைட்டஸ்.

"உங்ககிட்டயும்தான்."

கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.