வேங்கை மரத்தில் விழுந்த கோடரி

குளிர்மலைக் காட்டாற்றின் கரையில் ஒரு பெரிய வேங்கை மரம் நின்றது. பூக்கும் காலத்தில் உச்சிவரை மஞ்சளாக இருக்கும். பட்டையைக் கீறினால் இரத்தம் போலச் சிவந்த பால் வடியும். அந்த மலைக் குடிக்கு அதுவே தெய்வம். பழைய தலைவன் சாகும் தறுவாயில் மரத்தின் காவலன் கோடனை அழைத்தான். மரத்தில் கோடரி படவிடுவதில்லை என்றும், எவர் கோடரி வைத்தாலும் அந்தக் கையை வெட்டுவதாகவும் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினான்.

சில ஆண்டுகள் கழித்து ஒருநாள், மலை உச்சியில் மழை கொட்டியது. தேனெடுத்துத் திரும்பியவர்கள் ஆற்றைக் கடக்கையில் வெள்ளம் வந்துவிட்டது. நடுவிலிருந்த பாறையில் ஏறிக்கொண்டார்கள். வெண்ணி என்பவளின் தங்கையும் அவள் கைக்குழந்தையும் அவர்களோடு இருந்தார்கள். கரையிலிருந்து வீசிய கொடிகளை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது. பாறையின்மேல் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. கரையிலிருந்து அந்தப் பாறைவரை எட்டக்கூடியது, ஆற்றின் பக்கம் சாய்ந்து நின்ற வேங்கை மட்டுமே.

வெண்ணி கோடரியோடு வந்தாள். மரத்தடியில் கோடன் வாளோடு நின்றான்.

"வாக்கை விடச் சொல்லமாட்டேன், அண்ணா. மரம் விழும்வரை பொறு. அப்புறம் என் கையை எடுத்துக்கொள்."

கோடன் பாறையைப் பார்த்தான். குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவன் விலகி நின்றான்.

அவள் வெட்டினாள். சிவந்த பால் முழங்கை வரை வழிந்தது. பாறையில் நின்றவர்களின் இடுப்பைத் தண்ணீர் தொட்டபோது மரம் முறிந்து பாறைமேல் சாய்ந்தது. எல்லோரும் அதைப் பற்றித் தவழ்ந்து கரையேறினார்கள்.

வெண்ணி குழந்தையின் உச்சியை முகர்ந்துவிட்டு, அடிமரத்தின்மேல் வலக்கையை வைத்தாள். கோடன் வாளை உருவினான்.

அப்போது பழைய தலைவனின் மகன், இப்போதைய தலைவன் நெடுவேட்டன் ஓடிவந்து தடுத்தான். வாக்கு உங்கள் தந்தைக்குக் கொடுத்தது, இறந்தவர் வந்து விடுவிக்க முடியாது என்றான் கோடன். வெண்ணியும் கையை எடுக்கவில்லை. தலைவன் வாளின் அலகை வெறுங்கையால் பற்றினான். விரல்களுக்கிடையே இரத்தம் இறங்கியது.

"இந்த வாக்கை உடைப்பவன் நான். தெய்வம் கேட்டால் என்னைக் கேட்கட்டும்."

கையைக் கொடுக்க வந்தவளா, வாக்கைக் காக்க நின்றவனா, வாக்கை உடைத்தவனா? இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: தலைவன் செய்ததே சரி. வெண்ணி பெரிய மனம் படைத்தவள்; ஆனால் அவள் கையைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டிய குற்றம் எதுவும் அங்கே நடக்கவில்லை. கோடனின் வாக்கோ, அவன் விலகி நின்றபோதே உடைந்துவிட்டது. அவன் வாழ்நாளில் செய்த நல்ல காரியமும் அதுதான். பிறகு அவன் வெட்டியிருந்தால் உடைந்த வாக்கு ஒட்டியிருக்காது. ஒரு கை மட்டும் போயிருக்கும். அந்த வாளை நிறுத்த ஒருவர் வேண்டியிருந்தது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிறுத்தியவன் தலைவன் ஒருவனே.