வீட்டில் யார்?

தாசில்தார் பக்கிரிசாமிக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்திரண்டு. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் ஆபீஸில் கிடையாது.

"என்ன சார், உங்களைவிட சின்னவங்க கால்ல போய் விழறீங்களாமே?"

"எங்கய்யா விழறது, முட்டி வலி. பக்கத்துல போய் உட்கார்ந்துக்குவேன், அவ்வளவுதான்" என்பார்.

குருவின் பெயர் வேதவல்லி. ஒரு காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு உப்பனாற்றங்கரையில் இருந்த மடத்துக்கு வந்து, அங்கேயிருந்த சாமியாருக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டினார். சாமியார் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டார். மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு கூரை வீடு, ஒரு கிணறு, சுவரில் அந்தச் சாமியாரின் படம். சாமியார் தன் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ அதுதான். காலையில் வேதவல்லி அம்மா மீனவர்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருப்பார். ஊரில் இன்றைக்கும் 'சிஸ்டரம்மா' என்றுதான் பெயர்.

அந்தச் சனிக்கிழமை பக்கிரிசாமி ஒரு ஃபைலோடு வந்தார். முகம் சரியில்லை.

"அம்மா, மாவட்டத்துக்குப் புதுசா பேரிடர் மேலாண்மைப் பிரிவு வந்திருக்கு. பன்னிரண்டு பணியிடம். ஆளைப் பொறுக்கி எடுத்து, யார் யார் எங்கேன்னு போட வேண்டியது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை கலெக்டர் மேசைக்குப் பட்டியல் போகணும். பதினோரு பேர் முடிவாயிடுச்சு."

"பன்னிரண்டாவது?"

"அதுக்குத்தான் வந்தேன்."

விஷயம் இதுதான். கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கும் ஆள் மரியதாஸ். அந்தக் கடற்கரை முழுக்க அவனுக்குக் குரல் தெரியும். போனில் "அண்ணே" என்ற ஒரு சத்தம் வந்தால் போதும், எந்தக் குப்பம், எந்தத் தெரு, யார் மகன் என்று சொல்லிவிடுவான். ஆனால் போன கார்த்திகைப் புயலில், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த காலை நேரத்தில், நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டான். நாற்பது நிமிஷம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சவுக்குத்திட்டுக் குப்பத்தில் பதினோரு பேர் பள்ளிக்கூட மொட்டை மாடியில் நின்றபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் சாகவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

"அவனைப் போட்டா மறுபடியும் ஓடுவான். போடலைன்னா அந்த அறைக்குக் காதே இல்லை. நான் என்னம்மா செய்யட்டும்?"

அம்மா கட்டுத்துணிகளைச் சுருட்டிக் கூடையில் வைத்தார்.

"உங்க வீட்டுலேர்ந்து கொஞ்ச நேரம் முன்னாடி போன் வந்துச்சு" என்றார்.

உப்பனாற்றங்கரையில் பக்கிரிசாமியின் செல்லுக்கு சிக்னல் கிடைக்காது. மடத்தில் ஒரு பழைய லேண்ட்லைன் உண்டு. அவசரம் என்றால் மட்டும்தான் அவர் மனைவி அதில் கூப்பிடுவாள்.

"என்னவாம்?"

"சொல்றேன். முதல்ல அந்தப் பட்டியலைப் படிங்க, கேட்போம்."

பக்கிரிசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஒண்ணு, அன்பழகன், வாகனப் பிரிவு. ரெண்டு, ஜெயசித்ரா, கணினி..." நாலாவது பேரில் நிமிர்ந்து பார்த்தார். அம்மா கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே படித்தார்.

"அம்மா, வீட்டுல யாருக்கும் ஒண்ணும்..."

"படிங்க தாசில்தாரே."

படித்தார். எப்படியோ முடித்துக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"பிரஷர் மாத்திரையை மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களாம். வந்ததும் போடச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா! இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? என் உயிரே போயிட்டு வந்துச்சு."

"எத்தனை பேரைப் படிச்சீங்க?"

"பதினோரு பேர்."

"ஆறாம் நம்பர் ராஜாங்கத்தை மூணு தடவை படிச்சீங்க. அவர் என்ன மூணு ஆளா? ஒன்பதாம் நம்பரைப் படிக்கவே இல்லை."

பக்கிரிசாமிக்குக் காது சூடாகிவிட்டது. விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: "இது வேறம்மா. அன்னைக்குப் புயல்ல நான் ஒரு நிமிஷம்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை. ஊருக்கே தெரியும்."

"தெரியும். அன்னைக்கு உங்க வீட்டுல யார் இருந்தா?"

"மச்சினர் வந்திருந்தார். வீட்டுக்குத் துணையா அவர் பசங்க மூணு பேரையும் கூட்டிக்கிட்டு, முதல் நாளே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அம்மா பட்டியலை வாங்கினார். வரிசை எண், பெயர், பதவி, பணியிடம், செல்போன், ரத்த வகை என்று எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. பக்கிரிசாமியின் ஸ்கேலையே வாங்கி, ஓரத்தில் ஒரு கோடு போட்டார். புதுக் கட்டத்தின் தலையில் இரண்டு வார்த்தை எழுதினார்: வீட்டில் யார்?

"இதை நிரப்பிக்கிட்டு வாங்க" என்றார்.

பக்கிரிசாமி முப்பது வருஷம் எத்தனையோ படிவம் நிரப்பியவர். இப்படி ஒரு கட்டத்தைப் பார்த்ததில்லை. ஆபீஸில் இதற்கு நேர்மாறாகத்தான் பாடம். சொந்த ஊர்க்காரனைச் சொந்த ஊரில் போடாதே, வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பான். அந்தப் பாடத்தை நம்பித்தான் போன வருஷம் புயல் வேலைக்கு ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டிலிருந்து தள்ளியே போட்டிருந்தார். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கேட்க ஆரம்பித்தார். முதலில் எல்லோரும் பயந்தார்கள். "எதுக்கு சார் கேக்குறீங்க? வேற எங்கேயாவது தூக்கிப் போடப் போறீங்களா?" என்றார்கள்.

பிறகு மெல்ல மெல்ல வாயைத் திறந்தார்கள். ஜெயசித்ராவுக்கு மூன்று வயதுக் குழந்தை, இடி இடித்தால் அம்மாவைத் தவிர யாரிடமும் நிற்காது. அன்பழகனின் அப்பா ஆறு ஆட்டை விட்டுவிட்டுப் புயல் காப்பகத்துக்கு வரமாட்டேன் என்று சண்டை போடுகிற மனிதர். ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு வீட்டுல யாரும் இல்லை சார். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். பக்கிரிசாமி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். புயல் நாளில் ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொள்ள ஒரு தங்கையோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கூடப் படித்தவரோ கிடைத்தார்கள். புதன்கிழமைக்குள் பதினோரு கட்டம் நிரம்பியது.

வியாழன் காலை மரியதாஸின் வீட்டுக்குப் போனார். துறைமுகக் காலனியில் கடைசி வரிசை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அவன் மனைவி லூர்து கட்டிலில் கிடந்தாள். பக்கவாதம் வந்து நாலு வருஷம். மரியதாஸ் அவளுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தான். தாசில்தாரைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"உட்காரு, உட்காரு. முதல்ல ஊட்டி முடி."

ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு வெளியே வந்தான்.

"அன்னைக்கு என்னய்யா நடந்துச்சு?"

"தண்ணி கட்டில் உயரத்துக்கு வந்துடுச்சுன்னு பக்கத்துத் தெருவுலேர்ந்து போன் பண்ணாங்க சார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஓடி வந்து தூக்கிட்டுப் போய் சர்ச்சுல போட்டுட்டுத் திரும்பி வந்தேன். நாற்பது நிமிஷம் ஆயிடுச்சு."

"இதை அப்பவே ஏன் சொல்லலை?"

"விளக்கம் கேட்டு வந்த காகிதத்துல, பணியிடத்தை விட்டு நீங்கியது உண்மையா இல்லையான்னு மட்டும்தான் சார் கேட்டிருந்தது. உண்மைன்னு எழுதிட்டேன்."

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் பக்கிரிசாமிதான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"மறுபடியும் புயல் வந்தா?"

"அந்த வேலைன்னா எனக்கு உசிரு சார். ஆனா உங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன். மறுபடியும் இப்படி ஒரு போன் வந்தா மறுபடியும் ஓடுவேன். இங்க எல்லாருக்கும் அவங்கவங்க பொண்டாட்டி பிள்ளை இருக்கு. இவளை யார் தூக்குவா? என்னை எழுதாதீங்க சார்."

உள்ளேயிருந்து லூர்து ஏதோ சொன்னாள். வார்த்தை குழறியது.

"என்ன சொல்றாங்க?"

"சாருக்கு டீ போடச் சொல்றா."

அன்று சாயங்காலமே பக்கிரிசாமி மடத்தில் இருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"ஓடுவேன்னு அவனே சொல்றான். அந்த ஒரு கட்டம் காலியாவே கிடக்கு. எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன், ஆள் இல்லை. நாளைக்குப் பட்டியல் கொடுக்கணும். அவன் பேரை அடிச்சிடட்டுமாம்மா?"

அம்மா பேனாவை வாங்கிக்கொண்டார். மரியதாஸின் பேருக்கு நேரே, காலியாக இருந்த கட்டத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குண்டு குண்டாக எழுதினார்: வேதவல்லி.

"அம்மா! நீங்களா?"

"ஏன், எனக்கு ஆளைத் தூக்கத் தெரியாதா? பதினாறு வருஷம் வார்டுல தூக்கியிருக்கேன்."

"அதுக்கில்லம்மா..."

"முட்டி வலின்னு உட்கார்ந்திருக்காதீங்க. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போடுங்க."

வெள்ளிக்கிழமை பட்டியல் போனது. கலெக்டர் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன புதுசா?" என்றார். தன் வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

புயல் ஐப்பசிக் கடைசியில் வந்தது. காலை எட்டு மணிக்கு அடிக்கத் தொடங்கியது. அடேயப்பா, போன வருஷக் காற்று இதற்குத் தம்பி என்று சொல்லலாம். கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடி இரண்டு தெறித்தது. பன்னிரண்டு பேரும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள்.

பத்து மணிக்கு ஒரு போன் வந்தது. மரியதாஸ் எடுத்தான். அவன் முகம் வெளிறியதைப் பக்கிரிசாமி பார்த்தார். அவன் கை நாற்காலியின் பிடியை அழுத்தியது. எழுந்துவிடப் போகிறான் என்றே நினைத்தார். போனில் வேதவல்லி அம்மாவின் குரல்.

"தாஸு, தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு. அதனால லூர்தைத் தூக்கிட்டுக் காப்பகத்துக்கு வந்துட்டேன். இட்லி ஊட்டியாச்சு. மூணு சாப்பிட்டா. நீ ரெண்டுதான் குடுப்பியாமே, அதுக்கு இங்க ஒரே புகார். நீ உன் போனைப் பாரு."

மரியதாஸ் போனை வைத்தான். சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அடுத்த போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அறுந்தது.

"சவுக்குத்திட்டு சார். கிழக்குத் தெரு அமலியோட மக. நிறைமாசம். படகு அனுப்புங்க!"

படகு போனது. மத்தியானம் அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. மரியதாஸ் சாயங்காலம்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காற்று அடங்கியது. எல்லாக் குப்பத்திலிருந்தும் கணக்கு வந்துசேர்ந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. பக்கிரிசாமி சந்தோஷத்தோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு உப்பனாற்றங்கரைக்குப் போனார்.

மடம் இல்லை. கூரை இரண்டும் போய்விட்டன. மண்சுவர் கரைந்து ஒரு முழ உயரத்துக்கு நின்றது. கிணறு மட்டும் இருந்தது. சேற்றைக் கையால் துழாவினார். ஒரு சொம்பு கிடைத்தது. லேண்ட்லைன் போன் கிடைத்தது. படத்தின் சட்டம் கிடைத்தது. சாமியாரின் படம் கிடைக்கவில்லை.

பக்கிரிசாமி சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றுத் திண்டில் உட்கார்ந்து அழுதார். டிரைவர் அன்பழகன் பார்க்காத மாதிரி திரும்பி நின்றுகொண்டான்.

காலனிக்கு வந்தபோது, மரியதாஸ் வீட்டிலிருந்து தண்ணீரை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். அம்மா கட்டிலில் லூர்துக்குப் பின்னால் உட்கார்ந்து, சிக்கெடுத்து, தலை பின்னிக்கொண்டிருந்தார்.

பக்கிரிசாமி வாசலிலேயே நின்றார். கையிலிருந்த சட்டத்தை அம்மா பார்த்தார். ஒரு கணம் பின்னுகிற கை நின்றது. பிறகு பின்னத் தொடங்கியது.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க" என்றார் பக்கிரிசாமி. "பன்னிரண்டு வீட்டுக்கு ஆள் போட்டேன். உங்க வீட்டுக்கு ஒரு ஆள் போடணும்னு எனக்குத் தோணவே இல்லை. நீங்க வீட்டுல இருந்திருந்தா படத்தையாவது எடுத்திருப்பீங்க. இந்தப் பாவி உங்களை வீட்டுல இல்லாமப் பண்ணிட்டேன்."

அம்மா பின்னலின் நுனியில் ரிப்பனைச் சுற்றி முடிச்சுப் போட்டார். லூர்தின் தலையை மெதுவாகத் தலையணையில் சாய்த்தார்.

"யார் சொன்னது தாசில்தாரே? நான் வீட்டுலதானே இருந்தேன்."