மேலாளர் வீட்டுக் காக்காய்

கடலோர எரிவாயுக் கிடங்கில் ட்ரோன் வருகிறதா என்று குட்டி ரேடாரைக் கண்காணிப்பது ஒப்பந்த ஊழியை சகாயமேரியின் வேலை. மூன்று நாளாக அலாரம் அடித்து வேலை நின்றதில் பொதுமேலாளர் ரங்கபாஷ்யம் எல்லார் முன்னாலும் சீறினார்.

"காக்காயைப் பார்த்து ஊரைக் கூட்டுறே. அது காக்காய்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

எரிவாயு டேங்க் மேல் ட்ரோன் விழுந்தால் என்னாகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பேனாவை எடுத்தாள்.

"எழுதுறேன் சார். காக்காய் கிளம்புற இடத்தையும் எழுதட்டுமா?"

"தாராளமா எழுது."

"தினமும் பதினொரு மணிக்கு உங்க பங்களா மொட்டைமாடியில கிளம்பி, அஞ்சாம் டேங்கைச் சுத்திட்டு அங்கேயே இறங்குது."

ரேடார் திரையில் அது பறந்த தடமும் அப்படியே போயிருந்தது. ரங்கபாஷ்யம் மகனுக்குப் போன் போட்டார்.

"அந்த ட்ரோனை இனிமே தொடாதேடா" என்றார். பிறகு தாளை வாங்கி, ட்ரோன் என்று எழுதித் தானே கையெழுத்துப் போட்டார்.