வாய் மூடிய பத்தாயம்

முன்னொரு காலத்தில், மரத்துக்கும் பேச்சு இருந்த காலத்தில், மருதூர் என்றொரு நாடு. குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பிங்கலன் என்ற மந்திரவாதி சந்தை நடுவே ஒரு நெல் பத்தாயத்தை நிறுத்தினான். "ஒன்று போடு, இரண்டு எடு!" என்று அது பாடியது. மேல்வாயில் ஒரு மரக்கால் கொட்டினால், மறுவாரம் அடித்துளையில் இரண்டு மரக்கால் கொட்டியது. ராஜாவே போட்டார், எடுத்தார். அப்புறம் கேட்கவா வேண்டும்?

வேலாத்தாள் மூன்று பிள்ளைக்காரி. வீட்டு விதைநெல் முழுவதையும் கொட்டிவிட்டாள். ஆடி மழை இன்றைக்கோ நாளைக்கோ. விதைக்காவிட்டால் வருஷம் பூராவும் பட்டினி.

சந்தைக்கு அதிகாரி நாகம்மை. அவள் முத்திரை இல்லாத மரக்கால் அங்கே அளக்காது.

"பிங்கலரே, இதுக்குள்ளே நெல் எப்படி விளையுது?"

"மந்திரம், அம்மணி. வெளியே சொன்னால் பலிக்காது."

"சொல்ல முடியாதது என் சந்தையில் நிற்காது."

பறை அறைந்து எச்சரித்தாள். ஜனம் சிரித்தது. ராஜாவிடம் போனாள்.

"எனக்கு இரண்டாக வந்ததே!" என்றார் ராஜா.

"வந்தது யாருடையது, மகாராஜா? ஒரு நாள் மேல்வாயை அடைக்க உத்தரவு கொடுங்கள். எடுப்பவர் எடுக்கட்டும். தானாக விளைவது நிற்காதே."

உத்தரவு கிடைத்தது. விடிந்ததும் அரக்கு உருக்கி மேல்வாயில் முத்திரை வைத்தாள் நாகம்மை.

"அடி பாவி, நாளைக்கு என் முறை! நீ விளங்குவியா?" என்று மண்ணை வாரித் தூற்றினாள் வேலாத்தாள்.

"திட்டு. இங்கேயே நின்று திட்டு."

காலையில் துளை கொட்டியது. உச்சியில் சொட்டியது. சாயங்காலம் நின்றது.

"ஒன்று போடு" என்றது பத்தாயம். "யாராவது போடுங்களேன்" என்றது. "ஐயோ, பசிக்குது!" என்று அழுதது.

"உனக்கு விளைக்கத் தெரியுமா?" என்றாள் நாகம்மை.

"தெரியாது தாயே. இவர் போட்டதை அவருக்குத் தந்தேன். மிச்சத்தைப் பிங்கலன் என் முதுகுத் துளை வழியாக மலைக்குகைக்கு அள்ளினான்."

உண்மை வெளியே வந்ததும் மந்திரம் அறுந்தது. பிங்கலன் சுருங்கினான், கறுத்தான், நெல்வண்டாகிப் பறந்தான். காவலர் துரத்தினார்கள்.

"வண்டு போகட்டும். குகைக்கு ஓடுங்கள்!" என்றாள் நாகம்மை.

குகை நெல் வந்தது. இரட்டிப்பாக எடுத்தவர்கள் கூடுதலைத் திருப்பினார்கள், முதலில் ராஜா. போட்டதில் முக்கால் பங்கு எல்லாருக்கும் தேறியது. மழையும் வந்தது. வேலாத்தாள் விதைத்தாள்.

தையில் முதல் கதிர்க்கட்டோடு வேலாத்தாள் சந்தை வாசலில் நாகம்மை முன் வந்து நின்றாள். "மண்ணை வாரித் தூத்தினேனே அக்கா. பிள்ளைகள் மூணும் வயிறாரச் சாப்பிடுது. நீ நல்லா இருக்கணும்."

நாகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, சரி. மரக்கால் கொண்டுவந்தாயா? முத்திரை தேய்ந்திருக்கும்."

அன்றுமுதல் மருதூரில் முதல் கதிர் சந்தை வாசலில்தான் தொங்கும். அந்தப் பத்தாயமும் அங்கேயே இருக்கிறது. ஒன்று போட்டால் ஒன்றே தரும். நல்ல பத்தாயம்.