தள்ளாடிய வைத்தியர்

நெய்தலங்காடு என்ற கடற்கரை நாட்டை ஆண்ட கோச்சேந்தனுக்கு ஒரே ஒரு தீராத ஏக்கம். மாசித் திருவிழா ஓட்டப் பந்தயத்தில் பக்கத்து நாட்டை ஒரு முறையாவது ஜெயித்துவிட வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அவனுடைய இளவட்டங்கள் பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"இந்த முறை யார் கால் கெடும் என்று பந்தயத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்தாக வேண்டும்!" என்று அரசன் கர்ஜித்தான்.

அரண்மனை வைத்தியர் ஏகாம்பரர் எழுந்தார். "அது என் பொறுப்பு மன்னா. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன். தள்ளாடினால் அந்தக் கால் ஒடியப்போகிறது என்று அர்த்தம். இதில் தப்பே வராது."

"அப்படித் தள்ளாடுகிறவர்களை என்ன செய்வது?"

"குழுவிலிருந்து நீக்கிவிட வேண்டும். திருவிழா முடியும்வரை காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட வேண்டும்."

அரசன் அதையே ஆணையாக்கினான். சோதனையில் முதலில் தள்ளாடியது யார் தெரியுமா? நாட்டிலேயே வேகமாக ஓடும் செங்கழுனி! உப்பளக்காரர் மகள், வயது பதினைந்து. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு அவள் நேராக அமைச்சர் நக்கனிடம் வந்தாள்.

"ஐயா, கால் வலிக்கவே இல்லை. வலிக்காத காலுக்குக் கட்டுப் போட்டுட்டாங்க. ஓடாம எப்படி ஐயா இருப்பேன்?" சொல்லிக்கொண்டே அழுதாள்.

நக்கன் தாடையைத் தடவினான். "அழாதே அம்மா. நாளைக்குச் சபைக்கு வா."

மறுநாள் செங்கழுனியும் வந்திருந்த சபையில் நக்கன் கைகூப்பினான். "வைத்தியரே, அந்தச் சோதனை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருமுறை நின்று காட்டுங்களேன்."

"இதென்ன பெரிய வித்தையா?" வைத்தியர் வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, ஒரு காலைத் தூக்கினார். தொந்தி ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் மறுபக்கம் சாய்ந்தார். கையில் அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது தளபதியின் மீசை!

தளபதி அலறினார். நக்கன் அவரைவிட உரக்க அலறினான். "ஐயோ மன்னா! நம் வைத்தியர் கால் ஒடியப்போகிறதே! பத்தை கொண்டு வாருங்கள்!"

அரசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தான். ஆணை ஆணைதானே! சேவகர்கள் வைத்தியரைப் படுக்கவைத்துக் கட்டத் தொடங்கினார்கள்.

"விடுங்களடா! என் காலுக்கு ஒன்றுமே ஆகவில்லை!"

"ஆகப்போகிறதே! தப்பே வராது என்றீர்களே?" என்றான் நக்கன்.

"தள்ளாடினால் உடனே ஒடிந்துவிடுமா? கால் சற்று வலுக்குறைவு, அவ்வளவுதான்! தினமும் பயிற்சி செய்தால் தன்னால் சரியாகிவிடும்!"

நக்கன் குனிந்து மெல்லக் கேட்டான். "இந்த அருமையான வைத்தியத்தை ஏன் ஐயா அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை?"

வைத்தியர் தம் காலையும் செங்கழுனியின் காலையும் மாறிமாறிப் பார்த்தார். அரசன் அவர்கள் இருவரோடு, தள்ளாடிய மற்ற எல்லாருடைய கட்டையும் அவிழ்க்கச் சொன்னான். அன்றுமுதல் தள்ளாடிய பிள்ளைகளுக்கெல்லாம் வைத்தியரே கடற்கரை மணலில் பயிற்சி கொடுத்தார். தாமும் கூடவே குதித்தார். செங்கழுனியின் கால் உறுதியானது.

மாசித் திருவிழா வந்தது. செங்கழுனி காற்றாய்ப் பறந்து முதலில் வந்தாள். நெய்தலங்காடு ஜெயித்தது! ஆனால் சோதனையில் தூண்போல நின்ற மாவளவன் என்ற பையன் மட்டும் பாதி வழியில் விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான்.

அரசன் புருவம் நெரித்தான். "நக்கா, இவன் கால் உறுதியானது என்றல்லவா வைத்தியர் சொன்னார்?"

"கால் உறுதிதான் மன்னா. பையன் அதிரசக் கடையைப் பார்த்துக்கொண்டே ஓடிப் பள்ளத்தில் காலை விட்டுவிட்டான். வைத்தியர் சோதித்தது காலை. சறுக்கியது நாக்கு!"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நக்கனுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். மாவளவனுக்கு ஒரு கூடை அதிரசம் கொடுத்தனுப்பினான், உட்கார்ந்து தின்ன வேண்டும் என்ற கட்டளையோடு.