பிளேடு கிழித்த கோடு

ஒரு செம்மண் மேட்டில் ஒரு தோப்பு இருந்தது. மாவும் பலாவும் முந்திரியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்ற தோப்பு. வேலியோரமாக யாரோ போட்டுவிட்டுப் போன காய்கறிப் பாத்தியும் உண்டு.

மழைக்கு முன்னால் ஒரு நாள், பழுத்தவர்கள் எல்லோரும் மரத்தை விட்டு இறங்கி, தோப்பு நடுவிலிருந்த பாறைமேல் வரிசையாக உட்காருவது அங்கே வழக்கம். அன்று அணிலும் மைனாவும் வௌவாலும் வரும். பிடித்தவரைத் தூக்கிக்கொண்டு போகும். யாரும் தூக்காவிட்டால் விதை தாய் மரத்தடியிலேயே விழுந்து, முளைத்து, வெயிலையே பார்க்காமல் வெளிறிச் செத்துப்போக வேண்டியதுதான். அதனால் பாறைமேல் இடம் பிடிப்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

அந்த வருஷம் ஒரு முந்திரிப்பழம் பழுத்திருந்தாள். கன்னமெல்லாம் சிவப்பு, பத்து மரம் தாண்டியும் வீசுகிற வாசனை. அவளுடைய நுனியில் ஒரு கொட்டை. முந்திரிக்கொட்டையின் குணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? பூ உதிர்ந்த கையோடு, யாரையும் கேட்காமல் முதல் ஆளாகப் பருத்து நின்றவன் அவன்தான். அந்தக் காலத்தில் முந்திரிக்கொட்டைக்கு முதுகு கம்பி மாதிரி நேராக இருக்கும். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அவன் பருக்கும்போது அவள் வெறும் காம்பு. அவனைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவள் வேலை. பிறகுதான் அவளும் பருத்தாள், சாறு கட்டினாள், நிறம் ஏறினாள். காரணம் இருந்தது. கொட்டையின் ஓட்டுக்குள் வாயைப் பொத்துப்போக வைக்கிற எண்ணெய் இருக்கிறது. அவனைத் தனியாக எந்தப் பிராணியும் தொடாது. இதை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. சின்னப் பையன், மனசு கஷ்டப்படுவான் என்று விட்டுவிட்டாள்.

முந்திரிப்பழத்துக்கு அழகு ஒரு நாள்தான். மறுநாள் புளித்துவிடும். அவள் இறங்கி வந்தது அந்த ஒரு நாளில்தான்.

பாறையடியில் ஒரே சத்தம். தலையில் கிரீடத்தோடு அன்னாசி நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு விதையே கிடையாது, யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் மேடை என்றால் அவருக்கு உயிர்.

"போன வருஷம் எலந்தை, கள்ளிப்பழம், கண்டது கடியதெல்லாம் ஏறி உட்கார்ந்துருச்சி. இந்த வருஷம் பிறப்பாலயே பழமா இருக்கிறவங்க மட்டும்தான் ஏறணும். அதைச் சொல்லுறதுக்கு ஆளையும் கூட்டியாந்திருக்கேன்."

தலைவர் மாம்பழம் தலையாட்டினார். தன் பிறப்பில் அவருக்கு என்ன சந்தேகம்?

வந்த ஆள் ஒரு பிளேடு. செடி பார்க்க வந்த கல்லூரி மாணவர்களின் பையிலிருந்து தவறி விழுந்தவர். தாவரவியல் ஆய்வகத்தில் பூக்களை நெட்டுவாக்கில் பிளந்தே காலத்தை ஓட்டியவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பூவின் அடியில் விதை உருவாகும் அறைக்குச் சூலகம் என்று பெயர். சூலகம் பழுத்து வந்தவர் மெய்க்கனி. பூவின் வேறு பாகம் பருத்து வந்தவர் பொய்க்கனி. என் கேள்வி ஒன்றுதான். பூவில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

அவர் பேர் பிளேடு என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பாறை ஏறும் வழியில் அலங்காரமாகத் தொங்கிய சாமந்தியைக்கூட அவர் விடவில்லை.

"நீ பூ அல்ல. நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் ஒரே தட்டில் நெருங்கி உட்கார்ந்த கூட்டம். மஞ்சரி."

"போச்சு போ! இத்தனை நாளா நான் ஒருத்தின்னு நெனச்சி ஒண்டியா பேசிக்கிட்டிருந்தேனே" என்றது சாமந்தி.

பிளேடு பாறையின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். மெய்க்கனி உள்ளே, மற்றவர் வெளியே. மாம்பழம் மிடுக்காக உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கத்தரிக்காய் வந்தது.

"ஏய், நீ எங்கே வர்றே?" என்றார் மாம்பழம்.

"சூலகம்தான். மெய்க்கனி. உள்ளே" என்றார் பிளேடு.

மிளகாய் உள்ளே. வெண்டைக்காய் உள்ளே. முருங்கைக்காய் படுத்தபடியே உள்ளே. ஒரு நெல்மணி கூச்சத்தோடு "நானுங்களா?" என்று கேட்டது. "நீயும் பழம்தான், போ" என்று அதையும் அனுப்பினார். மாம்பழத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மேடை கொஞ்ச நேரத்தில் குழம்பு வைக்க அரிந்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

சீதாப்பழம் வந்தது. பிளேடு புரட்டிப் பார்த்தார். "ஒரே பூ, ஆனால் உள்ளே தனித்தனியாகப் பல சூலகங்கள். திரள்கனி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். உள்ளேயே ஒதுங்கி உட்காருங்கள்."

அடுத்தது பலாப்பழம். பிளேடு வழக்கம்போல ஒரே கீறாகக் கீறி உள்ளே பார்த்தார். "நீங்கள் ஒரு பழமே அல்ல. ஒரு மஞ்சரி முழுவதும் சேர்ந்து பழுத்தது. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. கூட்டுக்கனி."

"அடேங்கப்பா, அப்ப நான் ஆளில்லை, ஊருன்னு சொல்லு! சுளைக்கு நடுவுல இருக்கிற சடையெல்லாம் யாரு?"

"காய்க்காத பூக்கள்."

"பாவம், அவங்களும் நம்ம ஊர்க்காரங்கதான். இருந்துட்டுப் போகட்டும்."

"ஆளுக்கு ஓர் இடம்தான். ஊருக்கு இடமில்லை. வெளியே" என்றார் பிளேடு. பலா சிரித்துக்கொண்டே உருண்டு வெளியே போய் ஒரு மேட்டில் சாய்ந்துகொண்டது.

அன்னாசி மீசையை முறுக்காத குறையாக முன்னால் வந்தார். பிளேடு தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பூ, பூவடிச் செதில், நடுத்தண்டு எல்லாம் ஒன்றாகப் பருத்து ஒட்டிக்கொண்டது. நீங்களும் கூட்டுக்கனி. வெளியே."

"யோவ், ஒன்னைக் கூட்டியாந்ததே நான்தான்யா!"

"சட்டம் எல்லோருக்கும் ஒன்று." அன்னாசியின் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

முந்திரிப்பழத்தின் முறை வந்தது. பிளேடு முதல் முறையாகக் கொஞ்சம் யோசித்தார். பிறகு சொன்னார்: "கொட்டைதான் சூலகத்திலிருந்து வந்தது. அவன் மெய்க்கனி. நீ பூக்காம்பு பருத்தவள். பொய்க்கனி. அவன் உள்ளே, நீ வெளியே. நடுவில் வெட்ட வேண்டும்."

"ஐயா, எங்களைப் பிரிச்சிடாதீங்க. அவன் தனியா..." என்று ஆரம்பித்தவள், அவன் காதில் விழுமே என்று நிறுத்திக்கொண்டாள்.

அதற்குள் கொட்டை துள்ளிக் கோட்டுக்கு உள்ளே முகத்தை நீட்டிவிட்டான். "நான்தான் மெய்க்கனியாம்! தலைவர் பக்கத்துல எனக்கு எடமாம்!"

"அவள் உனக்கு யாரப்பா? வெட்டச் சம்மதமா?" என்று கேட்டார் பிளேடு.

கொட்டை ஒரு நொடி திரும்பிப் பார்த்தான். மேடையில் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாரு, அந்தம்மாவா? சும்மா வழியில ஒட்டிக்கிட்டது. வெட்டுங்க."

அதுவரை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் சாறு வீணாகும், சாயங்காலத்துக்குச் சாறு வேண்டும். அடக்கிக்கொண்டாள்.

பிளேடு வெட்ட வந்தார். வந்தவரால் அதற்குமேல் நகர முடியவில்லை. உடம்பெல்லாம் பலாப் பால். தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றார். ஆய்வகத்தில் எல்லாம் கற்றவருக்கு, பலாவில் கை வைப்பதற்கு முன்னால் எண்ணெய் தடவ வேண்டும் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

"எண்ணெய் தடவலியா?" என்று மேட்டிலிருந்து பலா கேட்டது. "அப்ப வெயில்ல காயி. உரியுற வரைக்கும் அசைய முடியாது."

"உரிந்ததும் முதல் வெட்டு இதுதான்" என்றார் பிளேடு. அதுவரை கொட்டை கோட்டுக்கு உள்ளே, பழம் கோட்டுக்கு வெளியே. ஒட்டிய இடத்தின்மேல் கோடு.

வெயில் தாழ அணில் முதலில் வந்தது. நேராக மேடை ஏறி, கோட்டை ஒட்டி விறைப்பாக உட்கார்ந்திருந்த கொட்டையைக் கடித்தது. அவ்வளவுதான். "ஐயோ, வாய் வெந்துபோச்சே!" என்று குதித்து, வாயைத் தேய்த்துக்கொண்டே ஓடியது. போகிற வழியெல்லாம், "மேடைப் பக்கம் போகாதீங்க, நெருப்பை உக்கார வெச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே போனது. பின்னால் வந்த மைனாக்கள் அப்படியே திரும்பி, வெளியே கிடந்த பலாவிடம் போய் உட்கார்ந்தன. அங்கே திருவிழாக் கூட்டம். மேடையில் ஈ ஆடவில்லை.

கொட்டை தன்னையே முகர்ந்து பார்த்தான். "அக்கா" என்றான் மெல்ல. "என் ஓட்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லடா."

"எரியுதாமே."

"அது எலி, பூச்சி ஒன்னைத் தின்னுடாம இருக்கிறதுக்கு. நல்லதுக்குத்தான்."

"அப்ப என்னை யாரு தூக்குவாங்க?"

தன்னைத்தான் தூக்க வேண்டும், அவன் கூட வர வேண்டும் என்பதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொட்டைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. புரிந்தபோது அந்த நேரான முதுகுக்குள் என்னவோ செய்தது.

அதே நேரம் பிளேடு மெல்ல அசைந்தார். பால் காய்ந்து உரிந்துவிட்டது.

"வேணாம், வெட்டாதீங்க!" என்று கத்தினான் கொட்டை. "நான் தெரியாம சொல்லிட்டேன். அவ என் அக்கா!"

"ஒப்புதல் கொடுத்தாயிற்று. விதி விதிதான்" என்று சொல்லிக்கொண்டே பிளேடு கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு வந்தார். மாம்பழம் தலையைக் குனிந்துகொண்டார்.

முந்திரிப்பழம் அடக்கி வைத்திருந்த சாற்றின் வாசனை முழுவதையும் ஒரே மூச்சில் விட்டாள். அந்தியில் அப்போதுதான் சிறகு விரித்த ஒரு வௌவால் சட்டென்று திரும்பியது. வௌவாலுக்குத் தாவரவியல் தெரியாது, பசி தெரியும். பாய்ந்து வந்து அவளைக் கவ்விக்கொண்டு எழும்பியது. அவளோடு ஒட்டியிருந்த கொட்டையும் எழும்பினான். பிளேடின் முனை வெறும் பாறையில் கீச்சென்று உரசியது.

"செல்லாது! செல்லாது! அது பொய்க்கனி!" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. கொஞ்ச தூரத்தில் அதுவும் கேட்கவில்லை.

தோப்பைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மரமே இல்லாத ஒரு வெட்டவெளி ஓரத்துப் பனையில் வௌவால் தொங்கிக்கொண்டு தின்னத் தொடங்கியது.

"அக்கா, வலிக்குதா?"

"இல்லடா. கீழ பாரு. எவ்ளோ வெளிச்சம் இருக்கும் பாரு நாளைக்கு. ஒரு மரத்து நிழல்கூட இல்லை."

"அந்தம்மான்னு சொன்னேனே..."

"சொன்னா என்ன? விழும்போது பயப்படாதே. மண்ணு மெத்துன்னு இருக்கும்."

"நீ?"

"நான் பொய்தானே" என்று சிரித்தாள். "பொய் ஒரு நாளைக்கு மேல நிக்குமா?"

கடைசிக் கடியில் கொட்டை விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து அந்த நேரான முதுகை வளைத்து மேலே பார்த்தான். மேலே வௌவாலும் இல்லை, அவளும் இல்லை. மழை வந்தது.

அவன் முளைத்து மரமானான். முதல் பூ உதிர்ந்ததும் கொட்டைகள், அவன் பிள்ளைகள் அல்லவா, முந்திக்கொண்டுதான் வந்தன. ஆனால் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. எல்லாம் முதுகை வளைத்து, இன்னும் பருக்காத தங்கள் காம்பை அண்ணாந்து பார்த்தபடியே காய்த்தன. இப்போதும் அப்படித்தான்.